லுங்கிச் சட்டை என் கண்டுபிடிப்பு இல்லை: நிருபர்களுக்கு வேலூரிலிருந்து ஒரு திறந்த மடல்

சென்னையிலிருந்து கேமராவோடு வேலூருக்கு வந்து போகும் நிருபர் அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும், அவர்களை அனுப்பிவைக்கும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

நான் கொசப்பேட்டைக்காரி. கல்லூரியில் கடைசி வருஷம். எங்கள் ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் ஜனங்கள் என்ன உடுத்துகிறார்கள், எதை வாங்குகிறார்கள், போன வருஷம் இல்லாத எது இந்த வருஷம் கண்ணில் படுகிறது என்று பார்த்து எழுதுவது என் பழக்கம். பார்த்ததை எழுதுவேன், ஏன் இப்படி என்று நாலு பேரிடம் விசாரிப்பேன். முதலில் கொஞ்சம் பேர் படித்தார்கள், அப்புறம் நிறையப் பேர் படித்தார்கள், அப்புறம் நீங்கள் வந்தீர்கள். வந்ததில் சந்தோஷம்தான். எங்கள் தெருவில் அம்மாவின் டெய்லர் கடைக்கு மவுசு கூடியிருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் உங்களில் ஒருவர் வைத்த தலைப்பு, ‘லுங்கியை ஃபேஷன் ஆக்கிய வேலூர் வெயில் தேவதை’. தேவதை விஷயத்தில் என் தோழிகள் இன்னும் என்னை விடவில்லை, அது போகட்டும். லுங்கியை நான் எதுவாகவும் ஆக்கவில்லை. அதைத்தான் தலைப்பு வருவதற்கு முன்பு போனில் முக்கால் மணி நேரம் சொல்லியிருந்தேன்.

நடந்தது இதுதான். காட்பாடிப் பக்கம் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் பெண்களில் சிலர், பல பேர் வட இந்தியாவிலிருந்து வந்தவர்கள், ஏப்ரல் வெயிலுக்கு என்ன போடுவது என்று தெரியாமல் தவித்தார்கள். எங்கள் ஊர் 40 டிகிரியைத் தாண்டினால் எங்களுக்கே அது செய்தி கிடையாது. அவர்களுக்கு அது அதிர்ச்சி. கடையில் கிடைக்கும் சட்டையெல்லாம் பாலியஸ்டர் கலந்தது. குடியாத்தம் லுங்கி சுத்தமான பருத்தி. மூட்டாத லுங்கி ஒன்று வாங்கினால் ஏறக்குறைய இரண்டு மீட்டர் துணி, அதில் தொளதொளவென்று ஒரு சட்டை வந்துவிடும். கட்டம் போட்டது என்பதால் மெஸ் சாம்பார் கறையும் தெரியாது. அதில் ஒரு பெண் துணியைத் தூக்கிக்கொண்டு அம்மாவிடம் வந்தாள். அம்மாவின் முதல் பேச்சு, “இன்னாமா இது, ஆம்பளைங்க கட்டற துணி, இதுல போய் சட்டயா?” இரண்டாவது பேச்சு, “கட்டம் தோள்ல சேரணும்னா துணி வீணாவும், பரவால்லயா?”

அந்த இரண்டாவது பேச்சில்தான் விஷயமே இருக்கிறது. கட்டத்தைத் தோளிலும் பக்கவாட்டிலும் பொருத்தித் தைப்பது பழகிய கைக்குத்தான் வரும். அம்மா தைத்தது நேராக வந்தது. அதைப் பார்த்து இன்னொருத்தி வந்தாள். சாரதி மாளிகைப் பக்கத்து டெய்லர்களும் தைக்க ஆரம்பித்தார்கள். குடியாத்தத்தில் ஒரு தறிக்காரரிடம் பேசியபோது, “கொஞ்ச நாளா பொண்ணுங்க வந்து சின்னக் கட்டம் கேக்கறாங்க, எதுக்குன்னு தெரியல” என்றார். நான் செய்தது அந்த ‘எதுக்கு’க்குப் பதில் எழுதியது மட்டும். துணி கொண்டுவந்த பெண்ணையோ, தைத்தவர்களையோ, நெய்தவரையோ உங்கள் கட்டுரையில் ஒரு வரியில்கூடக் காணோம். நான் கோட்டைச் சுவரில் சாய்ந்து நிற்கும் படம் மட்டும் முக்கால் பக்கம்.

2018-ல் ஜாரா என்கிற வெளிநாட்டுத் துணிக்கடை நிறுவனம் லண்டன் கடைகளில் ஒரு பாவாடை விற்றது ஞாபகம் இருக்கலாம். பார்ப்பதற்கு அசல் லுங்கி, விலை ஏறக்குறைய 70 பவுண்டு. ஆசியா முழுக்கச் சிரித்தார்கள். யார் நெய்வது, யார் கட்டுவது என்கிற பேச்சே இல்லாமல் துணியை மட்டும் தூக்கி மாட்டியதுதான் அந்தச் சிரிப்புக்குக் காரணம். உங்கள் கட்டுரையைப் படித்தபோது எனக்கு அதே பாவாடைதான் ஞாபகத்துக்கு வந்தது.

கோட்டைக்கு வருகிறேன். எந்தச் சேனல் வந்தாலும் என்னை அங்கேதான் நிற்கவைக்கிறீர்கள். அகழி ஓரம் நடந்து வா, திரும்பிப் பார், துப்பட்டா பறக்கட்டும். பின்னணிக் குரலில் கட்டாயம் அந்தப் பழைய சொலவடை வரும்: தண்ணீரில்லாத ஆறு, மரமில்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை. (சாமியில்லாத கோயில் என்றும் சேர்த்துச் சொல்பவர்கள் உண்டு, ஜலகண்டேஸ்வரர் 1981-லேயே உள்ளே வந்துவிட்டார் ஐயா, பட்டியலைத் திருத்திக்கொள்ளுங்கள்.) அப்படிப் படமெடுத்துக்கொண்டே ஒரு நிருபர் கேட்டார்: “துணிமணி, செருப்பு எல்லாம் லைட்டான சப்ஜெக்ட்தானே, சீரியஸா எதாவது எழுத ஆசை இல்லையா?”

அவர் நின்றுகொண்டிருந்த இடத்தைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. 1805 நவம்பரில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மெட்ராஸ் ராணுவத்துக்கு உடை பற்றிப் புது உத்தரவு போட்டார்கள். சிப்பாய்கள் நெற்றியில் சமயக் குறி இடக்கூடாது, தாடி வைக்கக்கூடாது, மீசையை வெட்டிக்கொள்ள வேண்டும். பழைய தலைப்பாகைக்குப் பதிலாக வெள்ளைக்காரர் தொப்பி சாயலில், தோலில் செய்த குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகை. அதைப் போட மறுத்தவர்களுக்குச் சவுக்கடி. 1806 ஜூலை 10 விடிவதற்குள் கோட்டைக்குள் துப்பாக்கி வெடித்தது. ஆற்காட்டிலிருந்து கில்லஸ்பி என்கிற வெள்ளைக்கார அதிகாரி குதிரைப்படையோடு ஓடிவந்து அன்றைக்கே அடக்கினார். சுவரோரம் நிறுத்திச் சுடப்பட்ட சிப்பாய்கள் நூறு பேர் இருக்கும் என்பார்கள். கடைசியில் உடை உத்தரவு வாபஸ் ஆனது, தளபதி கிராடக்கையும் ஆளுநர் பெண்டிங்கையும் இங்கிலாந்து திருப்பி அழைத்துக்கொண்டது. திப்பு சுல்தான் குடும்பம் அப்போது இந்தக் கோட்டைக்குள்தான் சிறையிருந்தது, அதுவும் ஒரு காரணம் என்பார்கள். சம்பளம், மரியாதை எல்லாமும் சேர்ந்ததுதான். ஆனாலும் தலையில் எதைப் போடுவது என்பதை யார் முடிவு செய்வது என்று கேட்டு ஜனங்கள் செத்த இடம் அது. மக்கான் பக்கம் இருக்கிற நினைவுத்தூணை ஷூட்டிங் முடிந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் பார்த்துவிட்டுப் போகலாம்.

எனக்கு அந்தக் கதையில் பிடிபடுவது வேறொன்று. மேலே இருந்து சொன்ன உடை ஒட்டவில்லை. ஹாஸ்டல் பெண்கள் தாங்களாக எடுத்துக்கொண்டது ஒட்டிக்கொண்டது. “அடுத்த ட்ரெண்ட் என்ன, சொல்லுங்க” என்று மைக்கை நீட்டும்போதெல்லாம் நான் முழிப்பதற்குக் காரணம் இதுதான். எனக்குத் தெரியாது. சொல்வதற்கென்றே காசு வாங்குகிற பெரிய கம்பெனிகள் வெளிநாட்டில் இருக்கின்றன. ஆண்டுக்கு ஒரு நிறத்தை ‘இந்த வருஷத்து நிறம்’ என்று பான்டோன் என்கிற அமெரிக்கக் கம்பெனி அறிவிக்கிறது, 2000-லிருந்து. அவர்களைக் கேளுங்கள். நான் ஜோசியக்காரி கிடையாது.

இன்னொரு கேள்வியும் மாறாமல் வருகிறது: “பாரிஸ்ல வர்ற ஃபேஷன் வேலூர் மாதிரி ஒரு சின்ன ஊருக்கு வந்து சேர எவ்ளோ நாளாகும்?” வேலூர் 2008-லேயே மாநகராட்சி ஆகிவிட்டது என்பதை விடுங்கள். கேள்வியே தலைகீழாக நிற்கிறது.

என் சித்தி ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை செய்கிறாள், பல வருஷமாக. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாற்றோரம் முழுக்கத் தோல் ஷாப்பும் (தோல் பதனிடும் இடம்) ஷூ கம்பெனியும்தான். 2019-ல் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்ததில் ஆம்பூர் திருப்பத்தூருக்குப் போய்விட்டது. எங்கள் உறவெல்லாம் போகவில்லை. அங்கே ஐரோப்பாவின் குளிர்காலத்துக்கான பூட்ஸ் எப்போது தைக்கிறார்கள் தெரியுமா? எங்கள் கத்திரி வெயிலில். உள்ளே கம்பளி போல் முடி வைத்த லைனிங்கைக் கையில் பிடித்துக்கொண்டு, நெற்றியில் வேர்வை வழிய, மே மாதத்தில். ஆர்டர் வருவதற்கு மாதக்கணக்கில் முன்னாலேயே சாம்பிள் ரூமில் அந்த பூட்ஸ் பிறந்துவிடும். இத்தாலியில் மிலான் நகரத்தில் ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கும் தோல் கண்காட்சிக்கு எங்கள் பக்கத்து முதலாளிகள் போய் வருகிறார்கள். எந்த நிறம், எந்தப் பளபளப்பு என்கிற பேச்சு அங்கிருந்து தோல் ஷாப்புக்கு வருகிறது. ஜெர்மனியில் ஒரு பெண் நவம்பரில் கடைக் கண்ணாடியில் பார்த்து ஆசைப்படப் போவதை, என் சித்தி அதற்கு முந்தைய பொங்கலுக்கே வெட்டித் தைத்துப் பார்த்திருப்பாள்.

அதற்காக ஆம்பூர்தான் உலக ஃபேஷனை நிர்ணயிக்கிறது என்று தலைப்பு வைத்துவிடாதீர்கள், கும்பிடுகிறேன். டிசைன் ஐரோப்பாவில், லாபத்தில் பெரும்பங்கும் அங்கேதான். இங்கே இருப்பது கைகளும், முன்கூட்டியே தெரிந்த சேதியும், பாலாறு வாங்கிக்கொண்ட கழிவும். தோல் கழிவு வழக்கில் ‘கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும்’ என்று உச்ச நீதிமன்றம் 1996-ல் தீர்ப்புச் சொன்னது எங்கள் வேலூர்க்காரர்கள் போட்ட வழக்கில்தான். சட்டக் கல்லூரிகளில் இன்றைக்கும் அதைப் பாடமாக நடத்துகிறார்கள்.

சித்திக்கு ட்ரெண்ட் என்றால் என்னவென்று கேட்டேன். “ஹீல் உசரம் கொறஞ்சா நல்லது கண்ணு, வேலை லேசு. ஜிப்பு ரெண்டு பக்கமும் வச்சிட்டா ரோதன. போன சீசன் ஓரம் பூரா சின்னச் சின்ன துளை போட்ட டிசைன் வந்துது, கண்ணு பூத்துப்போச்சு.” எந்தப் பத்திரிகையிலும் ஃபேஷனை இந்தப் பக்கத்திலிருந்து யாரும் எழுதி நான் படித்ததில்லை. அவள் காலில் ரப்பர் செருப்பு. ஏன் ஷூ போடவில்லை என்று நீங்கள் கேட்டுப் பரிதாபமாக ஒரு பத்தி எழுதிவிடுவீர்கள், அதனால் நானே சொல்லிவிடுகிறேன்: வெயிலுக்கு ஷூ போட அவளுக்கு என்ன பைத்தியமா?

சாம்பிள் ரூமைப் பற்றி நான் எழுதவே மாட்டேன். சித்தியும் சொல்ல மாட்டாள். வெளியே வராத டிசைன் ஒன்று வெளியே வந்தால் யாருடைய வேலை போகும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். “எக்ஸ்க்ளூசிவா எதாவது காட்டுங்க” என்று கேட்ட சேனலுக்கும் இதுதான் பதில்.

இதே கவனத்தோடு நீங்கள் பார்க்கக்கூடிய இடம் இன்னொன்று உண்டு. ஐடா ஸ்கடர் 1900-ல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய ஆஸ்பத்திரி இன்றைக்கு சிஎம்சி. அதைச் சுற்றி காந்தி ரோடு, பாபுராவ் தெரு என்று நடந்தால் லாட்ஜ் போர்டு வங்காளத்தில் இருக்கும், ஹோட்டலில் கடுகெண்ணெய் வாசம் வரும். மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு, வங்கதேசம் என்று வருகிறவர்கள் வாரக்கணக்கில் அறை எடுத்துத் தாங்களே சமைத்துச் சாப்பிடுகிறார்கள். அறையில் வைக்கிற அளவுக்குச் சின்ன அடுப்பு, சின்னக் குக்கர், முன்பக்கம் பட்டன் வைத்த நைட்டி, இவைதான் அந்தத் தெருவின் சரக்கு. நோயாளிக்கு டிரிப்ஸ் ஏற்ற, டாக்டர் பரிசோதிக்க வசதியாக அம்மா தைத்துக் கொடுக்கிற நைட்டியை உள்ளூர்ப் பெண்களும் பிள்ளை பெற்ற வீட்டுக்கு வாங்கிப் போக ஆரம்பித்துவிட்டார்கள். 2024 ஆகஸ்டுக்குப் பிறகு வங்கதேசத்துக்காரர்களுக்கு விசா சுருங்கியதும் அந்தத் தெருக் கடைகளில் கூட்டம் குறைந்தது கண்ணுக்கே தெரிந்தது. டாக்காவில் ஆட்சி மாறினால் கொசப்பேட்டையில் நைட்டி ஆர்டர் குறைகிறது. இதைவிட சீரியஸான விஷயம் வேண்டுமா அந்த நிருபருக்கு?

தை மாதத்தில் மாடு விடும் திருவிழாவுக்குப் போனால், காளையின் பேரையும் படத்தையும் அச்சடித்த டீ-ஷர்ட்டோடு ஊர்ப் பையன்கள் கூட்டம் நிற்கும். நடிகர் படத்தை மாட்டிக்கொண்டு திரிந்த வயசில் மாட்டுப் படம் ஏறியிருக்கிறது. அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன், இங்கே வேண்டாம்.

சிகாகோ பக்கத்திலிருந்து டாவி கெவின்சன் என்று ஒரு பெண் 2008-ல், 11 வயதில், உடைகளைப் பற்றி எழுதத் தொடங்கினாள். எழுத்து நன்றாக இருந்ததாலேயே இதை ஒரு சிறுமி எழுதியிருக்க முடியாது, பின்னால் பெரியவர் யாரோ இருக்கிறார்கள் என்று சந்தேகப்பட்டார்கள். 2010-ல் பாரிஸில் டியோர் என்கிற பெரிய ஃபேஷன் நிறுவனத்தின் காட்சிக்கு முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். தலையில் பெரிய ரிப்பன் முடிச்சு மாட்டியிருந்தாள், பின்னால் இருந்தவருக்கு மறைக்கிறது என்று அதற்கும் ஒரு சண்டை. அவள் என்ன எழுதினாள் என்பதைவிட அவள் வயசும் ரிப்பனும்தான் அதிகம் பேசப்பட்டது. என்னிடமும் “இதெல்லாம் நீங்களே எழுதறதா, இல்ல யாராவது ஹெல்ப்பா?” என்று கேட்டவர் உங்களில் மூன்று பேருக்குக் குறையாது. நானே எழுதுகிறேன். எழுத்துப் பிழை பார்ப்பது தமிழ்த்துறைத் தோழி.

அதே தொழிலில் இன்னொரு மனுஷர், நியூயார்க்கில் பில் கன்னிங்ஹாம். 2016-ல் இறக்கும்வரை, 80 வயசைத் தாண்டியும், நீல நிற வேலைக்காரர் கோட்டு ஒன்றை மாட்டிக்கொண்டு சைக்கிளில் சுற்றித் தெருவில் போகிறவர்களைப் படமெடுத்தார். விருந்துகளுக்குப் போனால் ஒரு டம்ளர் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டாராம். எனக்கு அவ்வளவு வைராக்கியம் கிடையாது, ஆம்பூர் பிரியாணி கொடுத்தால் சாப்பிட்டுவிடுவேன். ஆனால் துணி வாங்க மாட்டேன்.

ஏனென்றால் உங்கள் வருகைக்குப் பிறகு என் போனுக்கு வருவதெல்லாம் துணிதான். சேலை அனுப்புகிறோம், கட்டிக்கொண்டு ‘இப்போ இதுதான் ட்ரெண்ட்’ என்று சொல்லுங்கள். காசு வாங்கினாலோ இலவசமாகப் பொருள் வாங்கினாலோ அதை விளம்பரம் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று விளம்பரத் தர அமைப்பான ஆஸ்கி 2021-லேயே விதி போட்டிருக்கிறது. தவறான விளம்பரத்தில் முகம் காட்டுபவருக்கு 10 லட்சம் வரை அபராதம் என்று 2019 நுகர்வோர் சட்டமே சொல்கிறது. இதைச் சொன்னால் மறுமுனையில் போன் கட்டாகிவிடும்.

துணிக்கடைக்காரர்கள் பரவாயில்லை, வியாபாரம். உங்கள் வட்டாரத்திலிருந்தே ஒருவர் கூப்பிட்டு, ‘இளம் சாதனையாளர் விருது’க்கு என்னைத் தேர்வு செய்திருப்பதாகவும், மேடைச் செலவுக்கு ஒரு தொகை கட்ட வேண்டும் என்றும் சொன்னார். கட்டினால் அரைப் பக்கப் பேட்டியும் உண்டாம். அப்பா கேட்டது ஒன்றுதான்: “துட்டு குடுத்து வாங்கறதுக்குப் பேரு விருதா?” அப்பா ஆட்டோ ஓட்டுகிறார், எந்தச் சவாரிக்கும் மீட்டருக்கு மேலே கேட்கிறவர்தான். அவருக்கே இது அதிகமாகப் பட்டது.

படம் எடுக்கிற விஷயம். லாங் பஜாரில் ஒரு அம்மாவின் வளையலை நான் எடுத்தால், முதலில் கேட்பேன், எடுத்ததைக் காட்டுவேன், வேண்டாம் என்றால் அழிப்பேன். பர்தா போட்ட அக்காக்கள் பலர் கையை மட்டும் எடுத்துக்கொள் என்பார்கள். அந்தக் கைகளில்தான் மருதாணி டிசைன் முதலில் மாறும். என்னோடு வந்த ஒரு கேமராக்காரர், வேலை முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிய பெண்களை ஜூம் போட்டு எடுத்தார். ஒரு அக்கா என்னிடம்தான் சத்தம் போட்டாள். “நீதானே இவங்கள இட்டுகினு வந்த?” நீங்கள் அன்றைக்கே சென்னைக்குப் போய்விடுகிறீர்கள். நான் மறுநாளும் அதே பஸ் ஸ்டாப்பில் நிற்க வேண்டும். ஆகவே கேட்காமல் எடுக்கிற யாரோடும் இனி நான் வரமாட்டேன். என் படங்களை எடுத்துப் போடுகிறவர்கள் கூலி கொடுங்கள். ‘நன்றி: இணையம்’ என்று போடுவதை நிறுத்துங்கள், இணையம் என்று எங்கள் வீட்டில் யாரும் இல்லை.

உண்மையாகவே எழுத ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு நாள் சொல்கிறேன். ஷூ கம்பெனிகளில் பெரும்பாலும் 7-ஆம் தேதியிலிருந்து 10-ஆம் தேதிக்குள் சம்பளம் விழும். அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, வெயில் தாழ்ந்தபின் ஆம்பூர் பஜாருக்குப் போங்கள். வாரம் முழுக்க வெளிநாட்டுக்காரர் காலுக்குத் தைத்த பெண்கள் தங்களுக்கென்று என்ன வாங்குகிறார்கள், எதை எடுத்துப் பார்த்துவிட்டு விலை கேட்டுத் திரும்ப வைக்கிறார்கள், தையலைத் திருப்பிப் பார்த்து எந்தச் செருப்பைக் கடைக்காரர் முகத்துக்கு நேராகவே மட்டம் தட்டுகிறார்கள் என்று நின்று பாருங்கள். தரம் பார்ப்பதில் அவர்களை ஏமாற்ற முடியாது, அதுதான் அவர்கள் தொழிலே. பேச்சுக் கொடுங்கள், பேர் கேளுங்கள், சம்மதித்தால் பேரைப் போடுங்கள். அடுத்த மாதம் அந்த ஞாயிறுக்கு மறுநாள் எனக்கு செமஸ்டர் பரீட்சை, நான் வர முடியாது. நான் இல்லாமலே நல்ல கட்டுரை வரும்.

இப்படிக்கு,
கொசப்பேட்டை டெய்லர் கடைப் பொண்ணு